ஒரு பெட்டிக்குள் ரெண்டு சிஸ்டம்

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் அன்றைக்குத்தான் தொடங்கியது. மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை போகும் பாதையில் இருக்கிற எங்கள் காரியாபட்டிப் பக்கம், அடுத்த சில மாதங்களில் கருவேல மரங்களுக்கு நடுவே இருந்த வீடுகளுக்கெல்லாம் லேப்டாப் வந்தது. பல வீடுகளில் அதுதான் முதல் கம்ப்யூட்டர். ஆன் செய்தால் ஒரு கறுப்புத் திரை: விண்டோஸா, பாஸ் லினக்ஸா?

‘பாஸ்’ என்பது பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ். சென்னை சி-டாக், டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது, 2007இல் வெளிவந்தது. அது நம் லேப்டாப்பில் ஏறியதற்குப் பின்னால் ஒரு முன்கதை இருக்கிறது. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, அந்த நிறுவனத்தின் அலுவலகக் கணினிகளையே சூசே லினக்ஸுக்கு மாற்றினார். லைசென்ஸ் காசு மிச்சம், வைரஸ் தொல்லை இல்லை என்ற நடைமுறைக் கணக்குதான் அது. சித்தாந்தம் பேசி அரசாங்கத்தில் எதுவும் நகராது, கணக்கு பேசினால் கொஞ்சம் நகரும். லேப்டாப் டெண்டர் சமயத்தில் லினக்ஸா விண்டோஸா என்று பெரிய சண்டையே நடந்தது. கடைசியில் ரெண்டும் இருக்கட்டும் என்று முடிந்தது.

ரெண்டும் இருந்தால் எது ஜெயிக்கும்னு உங்களுக்கே தெரியும். பசங்க ஒரே மாதத்தில் பாஸை அழித்துவிட்டு, அந்த இடத்தில் படம் ஏற்றினார்கள். ‘நம்ம பசங்களுக்கு லினக்ஸ் கஷ்டம்’ என்று இதற்குக் காரணம் சொல்கிறவர்கள் உண்டு. நான் ஏற்கமாட்டேன். காரணம் பாடப்புத்தகத்தில் இருந்தது.

அப்போதைய பிளஸ் டூ கணினி அறிவியலில் ஒரு தொகுதி ஸ்டார் ஆபிஸ், இன்னொன்று சி++. பிராக்டிகல் எல்லாம் டர்போ சி++ நீலத்திரையில். 1998இல் சி++ மொழி தரப்படுத்தப்படுவதற்கு முந்தைய காலத்துக் கம்பைலர் அது. நிரலின் முதல் வரியே ‘ஐஓஸ்ட்ரீம் டாட் எச்’. கூடவே திரையைத் துடைக்கும் ‘கிளியர் ஸ்கிரீன்’ கட்டளை, அது டாஸ் காலத்துச் சொத்து. லினக்ஸில் இருக்கும் ஜிசிசியோ 2008இல் வந்த 4.3 பதிப்பிலேயே அந்தப் பழைய ஹெட்டரைத் தூக்கி எறிந்துவிட்டது. ஆக, புத்தகத்தில் இருப்பதை எழுத்துப் பிசகாமல் அடித்தாலும் லினக்ஸில் எரர்தான் வரும். பிராக்டிகல் மார்க்கை நம்பி இருக்கும் பையன் என்ன செய்வான்? ‘யூசிங் நேம்ஸ்பேஸ்’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லித்தர ஆளில்லை.

இன்னொன்று இன்டர்நெட். டெபியன் குடும்பத்தின் பெரிய வசதி ஆப்ட்-கெட்: ஒரு கட்டளை, வேண்டிய மென்பொருள் அதுவே வந்து உட்காரும். நல்ல கனெக்ஷன் இருக்கும் ஊருக்கு அது வரம். டூஜி டாங்கிளில் நூறு எம்பி இறக்க ராத்திரி முழுக்க விழித்திருக்கும் ஊருக்கு? எங்களுக்கு மென்பொருள் பஸ்ஸில் வந்தது, பென்டிரைவில். அப்படி வந்தது எல்லாம் விண்டோஸுக்கானது, அதுவும் திருட்டுப் பதிப்பு.

வேடிக்கை என்னவென்றால், இதே பசங்களில் பலர் பிற்பாடு சென்னையிலும் பெங்களூரிலும் சர்வர் வேலைக்குப் போனார்கள். அங்கே எல்லாம் லினக்ஸ். எஸ்எஸ்எச் போட்டு உள்ளே நுழைவது, கிரான் வைப்பது, ராத்திரி ரெண்டு மணிக்கு டிஸ்க் நிறைந்துவிட்டதென்று லாக் ஃபைலைத் துழாவுவது. அழித்த அதே சிஸ்டத்தைக் காசு கட்டி அமீர்பேட்டையில் கற்றுக்கொண்டு வந்தவர்களும் உண்டு. தமிழில் கற்க வழி இல்லாமலில்லை. 2012இல் கணியம் மின்னிதழ் தொடங்கியது, து. நித்யாவின் ‘எளிய தமிழில்’ புத்தகங்கள் இலவசமாகவே கிடைத்தன. ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியலில் லினக்ஸும் சைலேபும் தமிழ்க் குரலில் இருந்தன. லேப்டாப்போடு இவற்றை ஒரு டிவிடியில் போட்டுக் கொடுத்திருந்தாலே போதும். அரசுக்கு அதில் ஆகியிருக்கும் செலவு சொற்பம்.

2018இல் வந்த புதிய பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் உபுண்டு பாடமாக வந்தது. சி++ நிரல்களில் ‘யூசிங் நேம்ஸ்பேஸ்’ வரியும் சேர்ந்தது. லேப்டாப் கொடுக்கத் தொடங்கி அதற்குள் ஏழு வருஷம் ஓடியிருந்தது.