வியர்க்குரு: குளிர்நாட்டிலும் வரும் கோடை நோய்

சித்திரை வெயிலில் யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் கழுத்து, முதுகு எங்கும் பொரிந்து நமைக்கும் வியர்க்குருவை அறியாத தமிழர் இல்லை. வேர்க்குரு என்றும் சொல்வோம். ‘குரு’ என்றால் கொப்புளம். வேர்ப்பதால் வரும் குரு என்பது பொருள். டேனிய மொழியில் இதற்கு ‘வார்மெக்னோப்பர்’ என்று பெயர். வெப்ப மொட்டுகள் என்று தமிழாக்கலாம். 1975 ஓகஸ்டில் ஹொல்ஸ்டெப்ரோவில் பதிவான 36.4 பாகை செல்சியஸ் வெப்ப உச்சமாகப் பேசப்படும் நாட்டில் இப்படியொரு சொல் ஏன் தேவைப்பட்டது? வியர்க்குருவுக்கு வெயில் கட்டாயமில்லை என்பதே விடை. வெளியேற வழியில்லாத வியர்வை போதும்.

எப்படி உண்டாகிறது?

நமது தோலில் 20 முதல் 40 இலட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. வியர்வை தோலிலேயே நெடுநேரம் தங்கினால் மேற்தோல் ஊறி, சுரப்பியின் நாளம் அடைபடுகிறது. தோலில் இயல்பாக வாழும் ஒருவகைப் பற்றீரியா சுரக்கும் பசையும் அடைப்புக்குத் துணைபோகிறது. அடைப்பு மேலாக இருந்தால் பனித்துளி போன்ற தெளிந்த கொப்புளங்கள் தோன்றும், அவை நமைப்பதில்லை. சற்று ஆழத்தில் இருந்தால் வியர்வை உள்ளே கசிந்து, சிவந்த பருக்களும் ஊசி குத்துவது போன்ற நமைச்சலும் ஏற்படும். நாம் வழக்கமாக வியர்க்குரு என்பது இதைத்தான். மிக ஆழமான மூன்றாம் வகை அரிது. அதில் அவ்விடம் வியர்க்காமலே போவதால் உடல் சூடேறி மயக்கம் வரலாம்.

ஒடென்சேயில் யாருக்கு வரும்?

முதலில், பச்சிளங் குழந்தைகளுக்கு. அவர்களின் வியர்வை நாளங்கள் முழுவளர்ச்சி அடைந்திருக்காது. வெளியே உறைபனி, உள்ளேயோ குழாய்வழி வரும் சுடுநீரால் சூடேறிய வீடு. பிள்ளைக்குக் குளிருமே என்று கம்பளிச் சட்டை, தொப்பி, இறகுப் போர்வை என அடுக்கிவிடுகிறோம். மார்கழியில் வியர்க்குரு வருவது இப்படித்தான். டேனியர் குழந்தையைத் தள்ளுவண்டியில் வெளியே தூங்க விடுவதைக் கண்டு நாம் திகைக்கிறோம். ஆனால் தூங்கும் அறை குளிர்ச்சியாக இருக்கவேண்டும் என்பதில் நியாயம் உண்டு. அதிக சூடு, தூக்கத்தில் குழந்தை திடீரென இறக்கும் ஆபத்தையும் கூட்டும். கையும் காலும் குளிர்ந்திருப்பதைப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். பிடரியைத் தொட்டுப் பாருங்கள். அது ஈரமாக இருந்தால் ஓர் உடுப்பைக் கழற்றுங்கள்.

அடுத்து, யூலை, ஓகஸ்ட் விடுமுறையில் நல்லூர்த் திருவிழாவுக்கு ஊர் போகும் பிள்ளைகளுக்கு. வெக்கைக்குப் பழகாத உடலுக்கு முதல் சில நாட்கள் ஓய்வும் நிழலும் தேவை.

என்ன செய்யலாம்?

மருந்தைவிட முதன்மையானது குளிர்ச்சி. காற்றோட்டமான அறை, தளர்ந்த பருத்தி ஆடை, குளிர்ந்த நீரில் குளியல், தேய்க்காமல் ஒற்றித் துடைத்தல். இவ்வளவிலேயே பெரும்பாலும் சில நாட்களில் மறையும். நமைச்சலுக்குக் கலமைன் பூசலாம். சிவப்பும் நமைச்சலும் மிகுந்தால் 1 வீத ஹைட்ரோகோட்டிசோன் களிம்பைச் சில நாட்களுக்கு மட்டும் பெரியவர்கள் பயன்படுத்தலாம். குழந்தைக்கு வைத்தியரைக் கேட்காமல் பூசவேண்டாம்.

ஊரில் நுங்கு நீர் தடவுவார்கள். அது தரும் சுகம் குளிர்ச்சியால் வருவது. ஈரத்துணி ஒற்றினாலும் அதே சுகம் கிடைக்கும். ஆனால் பாட்டிமாரின் எண்ணெய்க் காப்பைக் குரு ஆறும்வரை நிறுத்திவையுங்கள். எண்ணெய் அடைப்பைக் கூட்டும். பவுடர் வியர்வையோடு சேர்ந்து கட்டியாகும்; குழந்தையின் மூச்சுக்குள் தூள் போவதும் ஆபத்து.

எப்போது அஞ்சவேண்டும்?

சீழ், வீக்கம், வலி, காய்ச்சல் இருந்தாலோ, சில நாட்களில் குறையாவிட்டாலோ வைத்தியரிடம் காட்டுங்கள். காய்ச்சலோடு வரும் தடிப்பை வியர்க்குரு என்று ஒதுக்கக்கூடாது. கண்ணாடிக் குவளையின் பக்கத்தால் அழுத்தியும் புள்ளிகள் மறையாவிட்டால், அது மூளையுறை அழற்சியோடும் இரத்தத் தொற்றோடும் வரும் தடிப்பாக இருக்கலாம். உடனே 112ஐ அழையுங்கள். அழுத்தும்போது மறைந்தாலும், பிள்ளை சோர்ந்து கிடந்தால் காத்திருக்கவேண்டாம்.