நுரைக்காத மண்

நிலத்தில் ஒரு குழி தோண்ட வேண்டும். எடுத்த மண்ணை அதிலேயே திரும்பக் கொட்டி மிதிக்க வேண்டும். மண் மிஞ்சினால் அது இறுக்கமான கனத்த நிலம், கலப்பைக்கு வலுவான மாடுகள் தேவைப்படும். குழி நிரம்பாமல் போனால் இளகிய மண், திராட்சைக்கும் மேய்ச்சலுக்கும் ஏற்றது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ரோமானியக் கவிஞர் வெர்ஜில், உழவைப் பாடிய ‘ஜார்ஜிக்ஸ்’ நூலில் சொன்ன சோதனை இது.

ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதையிலும் இதே குழி வருகிறது. அங்கே பார்ப்பது வயலை அல்ல, வீட்டுமனையை. மண் மிஞ்சினால் உத்தமம், சரியாக நிரம்பினால் மத்திமம், குறைந்தால் ஆகாது. விடைகள் எதிரெதிராக இருப்பதில் வியப்பில்லை. சுவரின் பாரத்தைத் தாங்க நெருக்கமான மண் வேண்டும், வேர் ஓடவோ காற்றுப் புகும் மண் வேண்டும். குழி சொல்வது ஒன்றுதான், கேட்பவரின் தேவைதான் வேறு.

ரோமானியர்கள் மண்ணைச் சுவைத்தும் பார்த்தார்கள். ஸ்பெயினின் காதிஸ் நகரில் பிறந்த கொலுமெல்லா, மண்ணை நல்ல தண்ணீரில் கரைத்து, ஒயின் வடிகட்டுவதுபோல வடித்து நாக்கில் வைக்கச் சொன்னார். உவர் நிலத்தைக் கண்டுபிடிக்க இது போதும். ஆனால் மண்ணின் அமிலம் நாக்குக்கு எளிதில் பிடிபடுவதில்லை. அதைப் பிடிக்க முயன்றவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஜேம்ஸ் ஆற்றங்கரையில் பண்ணை வைத்திருந்த எட்மண்ட் ரஃபின்.

இளம் வயதிலேயே நிலம் அவர் கைக்கு வந்துவிட்டது. புகையிலையும் மக்காச்சோளமும் மாறிமாறி உறிஞ்சிய நிலம் அது. எருப் போட்டும் விளைச்சல் ஏறவில்லை. அக்கம்பக்கத்தார் பலர் பண்ணைகளைக் கைவிட்டு மேற்கே போய்க்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் ஆங்கில வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவியின் வேளாண் வேதியியல் நூல் ரஃபினுக்குக் கிடைத்தது. விளையாத ஒரு மண்ணில் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கலந்திருந்ததையும், சுண்ணாம்பு அதற்கு மருந்தாகும் என்பதையும் டேவி அதில் எழுதியிருந்தார்.

ரஃபின் தம் மண்ணிலும் அன்னபேதியைத் தேடினார். அது இல்லை. அடுத்து, சுண்ணாம்புச் சத்து இருக்கிறதா என்று அமிலம் விட்டுப் பார்த்தார். சுண்ணாம்புக் கார்பனேட் இருந்தால் மண் நுரைத்துப் பொங்கும். அவர் மண்ணில் சிறு குமிழிகூட எழவில்லை. வெறுங்கையுடன் முடிந்த சோதனை என்றுதான் வேறு ஒருவர் நினைத்திருப்பார். ரஃபின் அந்த இல்லாமையிலேயே விடையைப் பார்த்தார். அந்த நிலங்களில் புளிப்பு இலை கொண்ட ‘சாரல்’ என்னும் களையும் பைன் மரமும் செழிப்பதை அவர் ஏற்கெனவே கவனித்திருந்தார். மண்ணில் தாவர அமிலம் தேங்கியிருக்கிறது, அதை முறிக்கச் சுண்ணாம்பு இல்லை, அதனால்தான் எரு பலிக்கவில்லை என்று முடிவுகட்டினார். அமிலத்தை அளக்கும் கருவி எதுவும் அவரிடம் இல்லை என்பதை நினைத்தால், அந்த ஊகத்தின் துணிவு புரியும்.

மருந்து காலடியிலேயே கிடந்தது. பழங்காலக் கடற்சிப்பிகள் மக்கிச் சேர்ந்த ‘மார்ல்’ என்னும் சுண்ணாம்பு மண் அப்பகுதியில் நிலத்துக்கடியில் படிந்திருந்தது. 1818இல் ஒரு துண்டு நிலத்தில் அதைப் பரப்பி மக்காச்சோளம் விதைத்தார். விளைச்சல் ஏறத்தாழ 40 சதவீதம் கூடியது. 1832இல் எல்லாவற்றையும் திரட்டிச் சுண்ணாம்பு எருக்களைப் பற்றிய நூலாக வெளியிட்டார். மண்ணின் அமிலத்தை வேளாண்மைக்குரிய கேள்வியாக நிறுத்திய முன்னோடி நூல்களில் அது ஒன்று.

ஆனால் குழிகளில் இறங்கி அந்த மார்லை வெட்டிச் சுமந்தவர்கள் அவருடைய அடிமைகள். அடிமை முறையைக் கடைசிவரை விடாப்பிடியாக ஆதரித்தவர் ரஃபின். 1861இல் சம்டர் கோட்டைமீது குண்டு வீசி உள்நாட்டுப் போரைத் தொடங்கிய தெற்கத்தியப் படையிலும் நின்றார். மண்ணை மீட்ட அந்தக் கறுப்பின மக்களின் உழைப்பைச் சேர்க்காமல் இந்தச் சோதனையின் கதையைச் சொல்வது நேர்மையாகாது.

ரஃபினுக்குப் பிறகும் வெகுகாலம், சதுப்பு நிலத்தில்தான் அமிலம் இருக்கும் என்ற எண்ணம் பரவலாக இருந்தது. 1890களில் ரோட் தீவின் வேளாண் ஆய்வு நிலையத்தில் எச்.ஜே. வீலர் மேட்டு நிலத்து ஈர மண்ணில் நீல லிட்மஸ் தாளை வைத்தார். தாள் சிவந்தது, அமிலம் இருப்பதற்கு அடையாளமாக. 1909இல் கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பெர்க் மதுவாலையின் ஆய்வகத்தில் வேதியியலாளர் சோரன்சன் ‘பிஎச்’ அளவுகோலை வகுத்ததும் அந்தச் சிவப்புக்கு எண் கிடைத்தது. 7 நடுநிலை. 5.5க்குக் கீழே இறங்கினால் மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து பல பயிர்களின் வேரைக் குட்டையாக்கும். ரஃபினின் மக்காச்சோளம் திணறியதற்கு இப்படியும் காரணம் இருந்திருக்கலாம். நீலகிரித் தேயிலைக்கோ அமில மண்தான் பிடிக்கும்.

மண்ணின் நயத்துக்கும், அதாவது அதில் மணலும் வண்டலும் களியும் கலந்திருக்கும் விகிதத்துக்கும், இப்படி ஒரு அளவு கிடைத்தது. பெரிய துகள் வேகமாகவும் சிறியது மெதுவாகவும் நீரில் படியும் என்பதை இயற்பியலாளர் ஸ்டோக்ஸ் 1851இல் கணக்காக்கியிருந்தார். அதை வைத்து 1927இல் மிச்சிகனில், கிரேக்க நாட்டில் பிறந்த ஜார்ஜ் புயூக்கோஸ், மண் கலங்கிய நீரில், திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டார். 40 நொடியில் மணல் படிந்துவிடும். இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் மிதப்பது பெரும்பாலும் களி.

கருவி இல்லாதவர்களுக்குக் கண்ணாடிப் புட்டி போதும். மூன்றில் ஒரு பங்கு மண், மேலே தண்ணீர், சிறிது சோப்புத் தூள் போட்டுக் குலுக்கி வைத்தால் ஒரு நிமிடத்தில் மணலும் சில மணி நேரத்தில் வண்டலும் படியும். களி தெளிய ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். அடுக்குகளின் உயரத்தை அளந்தால் மண்ணின் நயம் ஓரளவு தெரிந்துவிடும். இன்னொரு பிடி காய்ந்த மண்ணில் வினிகரை விட்டால் ரஃபினின் சோதனையையும் செய்துவிடலாம். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது.