கல்யாண போட்டோ அழிஞ்சா திரும்ப எடுக்க முடியுமா? போட்டோகிராபர்கள் குறைந்த செலவில் பேக்கப் டிரைவ் தேர்வு செய்வது எப்படி?

தை பிறந்து முகூர்த்த சீசன் தொடங்கிவிட்டால் தர்மபுரி, பாலக்கோடு, பென்னாகரம், அரூர் பக்கத்து ஸ்டுடியோக்காரர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. காலையில் மண்டபம், மாலையில் ரிசப்ஷன், அடுத்த நாள் ஒகேனக்கல்லில் அவுட்டோர் ஷூட். எடுத்த படமெல்லாம் பல நேரம் ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்கில்தான் போய்ச் சேருகிறது. அந்த டிஸ்க் ஒருநாள் 'டிக் டிக்' என்று சத்தம் போட்டு நின்றுவிட்டால்? மறுபடியும் தாலி கட்டச் சொல்ல முடியாது.

கையில் இருக்கும் பணத்துக்கு எந்த டிரைவ் வாங்கலாம், எத்தனை வாங்கணும்? விரிவாகப் பார்க்கலாம்.

முதலில் கணக்கு போடுங்க

ஒரு ரா ஃபைல் சுமார் 30 எம்பி என்று வைத்துக்கொள்வோம். ஒரு கல்யாணத்துக்கு 3,000 படம் எடுத்தால் 90 ஜிபி. வினாடிக்கு 100 மெகாபிட் அளவில் 4கே வீடியோ எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஆகும். நான்கு மணி நேர வீடியோவுக்கு 180 ஜிபி. ஆக, ஒரு கல்யாணத்துக்கு மட்டும் 270 ஜிபி.

வருஷத்துக்கு 20 கல்யாணம் என்றால் 5.4 டிபி. தேவையில்லாத படங்களைக் கழித்தால் இது குறையும்.

இன்னொரு விஷயம். 4 டிபி டிரைவை விண்டோஸ் கம்ப்யூட்டரில் மாட்டினால் 3.6 டிபி என்றுதான் காட்டும். யாரும் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஆயிரத்தால் வகுக்கிறார், விண்டோஸ் 1,024-ஆல் வகுக்கிறது, அவ்வளவுதான்.

ஹார்ட் டிஸ்க்கா, எஸ்எஸ்டியா?

எஸ்எஸ்டி வேகமானது, கீழே விழுந்தாலும் எளிதில் பாதிக்காது. ஆனால் ஒரு டிபிக்கு ஆகும் விலையில் ஹார்ட் டிஸ்க்கைவிடப் பல மடங்கு அதிகம். அதோடு, நிறைய பயன்படுத்தித் தேய்ந்த எஸ்எஸ்டியை மின்சாரம் கொடுக்காமல் வருஷக்கணக்கில் பீரோவில் வைத்தால் டேட்டா கெட வாய்ப்பு உண்டு.

எனவே எடிட்டிங் வேலைக்கு சின்ன எஸ்எஸ்டி, சேமித்து வைக்க ஹார்ட் டிஸ்க். பட்ஜெட்டில் இருப்பவர்களுக்கு இதுதான் சரியான பிரிவினை.

ஹார்ட் டிஸ்க்கிலும் இரண்டு வகை உண்டு. பாக்கெட் சைஸ் போர்ட்டபிள் டிரைவ் யுஎஸ்பி கேபிளிலேயே ஓடும். கரண்ட் போனாலும் லேப்டாப்பில் வேலை நடக்கும். மேஜையில் வைக்கும் பெரிய டிரைவுக்குத் தனி அடாப்டர் வேண்டும். ஆனால் பெரிய கொள்ளளவில் வாங்கும்போது பெரும்பாலும் டிபி கணக்கில் இது மலிவு. கடையில் மொத்த விலையைப் பார்க்காதீங்க. விலையை டிபியால் வகுத்துப் பாருங்க.

போர்ட்டபிள் டிரைவில் தொடர்ந்து நூற்றுக்கணக்கான ஜிபி ஏற்றும்போது வேகம் குறைந்தால் பயப்பட வேண்டாம். பல டிரைவ்களின் அமைப்பே அப்படித்தான்.

ஒரு விலை உயர்ந்த டிரைவா, இரண்டு சாதாரண டிரைவா?

கண்ணை மூடிக்கொண்டு இரண்டு சாதாரண டிரைவ் வாங்கலாம். எந்த கம்பெனி டிரைவும் ஒருநாள் பழுதாகும். வாரண்டியில் புது டிரைவ் கிடைக்கும், உள்ளே இருந்த படங்கள் கிடைக்காது. டேட்டா ரெக்கவரிக்கு ஆகும் செலவு டிரைவ் விலையையே தாண்டிவிடும்.

அமெரிக்க போட்டோகிராபர் பீட்டர் க்ரோக் பிரபலப்படுத்திய '3-2-1' விதி உலகம் முழுக்கப் பின்பற்றப்படுகிறது. மூன்று காப்பி, இரண்டு வகை சாதனம், அதில் ஒன்று வேறு இடத்தில்.

'வேறு இடம்' ஏன் முக்கியம்?

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை நினைவிருக்கும். பக்கத்து மாவட்டத்தில் உள்ள ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது. அரூர் பகுதியும் தப்பவில்லை. தண்ணீர் உள்ளே வந்தால் ஒரே அலமாரியில் இருக்கும் மூன்று டிரைவும் சேர்ந்தே நனையும். திருட்டு, தீ விபத்துக்கும் இதே கதைதான்.

ஸ்டுடியோ தர்மபுரி டவுனில் இருந்தால், இரண்டாவது டிரைவை ஊரில் இருக்கும் அண்ணன் வீட்டிலோ மாமனார் வீட்டிலோ வைக்கலாம். காசே செலவில்லாத பாதுகாப்பு இது.

கிளவுட் போதாதா?

270 ஜிபியை 50 எம்பிபிஎஸ் அப்லோடு வேகத்தில் ஏற்ற 12 மணி நேரம் ஆகும். 10 எம்பிபிஎஸ் என்றால் இரண்டரை நாள். அதனால் ஆல்பத்துக்குத் தேர்வான படங்களை மட்டும் கிளவுடில் போடுவது நடைமுறைக்கு ஒத்துவரும்.

இரண்டு டிஸ்க்கில் ஒரே நேரத்தில் எழுதும் ரெய்டு பெட்டியும் பேக்கப் ஆகாது. தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டிலும் அழிந்துவிடும்.

போலி டிரைவ் உஷார்

ஆன்லைனில் '16 டிபி எஸ்எஸ்டி' சில ஆயிரம் ரூபாய்க்கு விற்றால் தொடவே வேண்டாம். உள்ளே சின்ன மெமரி கார்டை வைத்துவிட்டு, கொள்ளளவை மட்டும் பெரிதாகக் காட்டும் மோசடி இது. நிரம்பியதும் பழைய படங்களின் மேலேயே புதியவை எழுதப்படும். 'எச்2டெஸ்ட்டபிள்யூ' போன்ற இலவச மென்பொருளில் உண்மையான கொள்ளளவைச் சோதிக்கலாம். ரிட்டர்ன் காலம் முடிவதற்குள் சோதிப்பது நல்லது.

வாங்கிய பிறகு செய்ய வேண்டியவை

* காப்பி ஆனதும் சில ஃபைல்களைத் திறந்து பாருங்க. இரண்டு டிரைவிலும் ஏறிய பிறகே மெமரி கார்டை ஃபார்மட் செய்யணும்.
* டிரைவ் ஓடும்போது கேபிளைப் பிடுங்கக் கூடாது. டெஸ்க்டாப் கம்ப்யூட்டருக்கு யுபிஎஸ் அவசியம்.
* டிரைவ் மேல் ஆண்டு, மாதம் எழுதி ஒட்டுங்க.
* முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் எல்லா டிரைவையும் ஒருமுறை ஓடவிடுங்க. 'கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ' இலவச மென்பொருளில் மஞ்சள், சிவப்பு எச்சரிக்கை வந்தால் உடனே புது டிரைவுக்கு மாற்றுங்க.
* ஐந்தாறு வருஷம் ஆன டிரைவை மட்டும் நம்பி இருக்காதீங்க.

நெகட்டிவ் தாங்கியது, டிஸ்க் தாங்குமா?

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் நிதியுதவியுடன் தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோ படங்களைத் தேடி டிஜிட்டல் வடிவில் பாதுகாத்தார்கள். அந்தக் காலத்துக் கண்ணாடி நெகட்டிவ்கள் பரணில் கிடந்தும் பல பத்தாண்டுகள் தாங்கின. ஹார்ட் டிஸ்க் அப்படித் தாங்காது. சில வருஷத்துக்கு ஒருமுறை புதியதுக்கு மாற்றினால்தான் அதில் இருக்கும் படம் பிழைக்கும்.

அதற்கும் செலவு உண்டு. எனவே எத்தனை வருஷம் படங்களை வைத்திருப்பீர்கள் என்பதை ஆர்டர் எடுக்கும்போதே பில்லில் எழுதிக் கொடுத்துவிடுங்க. டெலிவரியின்போது வாடிக்கையாளருக்கும் ஒரு காப்பி கொடுத்து, வேறு டிரைவிலும் ஏற்றி வைக்கச் சொல்லுங்க. தாத்தா, பாட்டியின் கடைசிப் படம் அந்தக் கல்யாண ஆல்பத்தில்தான் இருக்கிறது என்று பத்து வருஷம் கழித்துக்கூட ஒரு குடும்பம் தேடி வரலாம்.