கிணற்றுப் பதிவுகளின் வழி பாறை வலிமை மதிப்பீடு

ஆழ்துளைக் கிணற்றுக்குள் கருவிகளை இறக்கி அளக்கும் ஒலிவேகம், அடர்த்தி, நுண்துளை அளவு ஆகியவற்றைக் கொண்டு, நிலத்தடிப் பாறை எவ்வளவு அழுத்தத்தில் நொறுங்கும் என்று கணிக்கும் முறை. பாறை மாதிரியை மேலே எடுத்து ஆய்வகத்தில் நசுக்கிப் பார்ப்பதே நேரடி வழி. ஆனால் அதற்குச் செலவு அதிகம். கிணற்றின் முழு ஆழத்துக்கும் மாதிரி எடுப்பதும் அரிது. கிணற்றுச் சுவர் சரியாமல் துளையிடவும், எண்ணெயோடு மணல் வருவதை முன்னறியவும் இந்த மதிப்பீடு வேண்டும்.

கெட்டியான பாறையில் ஒலி விரைந்து செல்லும் என்பதே அடிப்படை. வட கடல் களிப்பாறைகளை ஆராய்ந்த ஹோர்ஸ்ருட் 2001இல் தந்த சூத்திரம் புகழ்பெற்றது: நொடிக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற ஒலிவேகத்தை 2.93 அடுக்குக்கு உயர்த்தி 0.77ஆல் பெருக்கினால், ஓரச்சு அழுத்த வலிமை, அதாவது ஒரே திசையில் அழுத்தும்போது பாறை நொறுங்கும் அழுத்தம், மெகாபாஸ்கலில் கிடைக்கும். வேகம் 2 என்றால் வலிமை சுமார் 6. வேகம் 3 ஆனால் 19. ஒலிவேகத்தைப் பிழையாக அளந்தால் விடையில் அந்தப் பிழை பன்மடங்காகும்.

ஆஸ்திரேலியாவின் போவன் படுகை மணற்கற்களுக்கு மெக்னாலி 1987இல் வேறொரு சூத்திரம் தந்தார். ஒவ்வொரு சூத்திரமும் தான் உருவான பாறைக்கே பொருந்தும் என்பதால், ஒன்றின் இடத்தில் மற்றதை வைப்பது தவறு. அளவீடுகளும் ஏமாற்றலாம்: பாறையில் எரிவாயு இருந்தால் ஒலி தாமதமாகும். உறுதியான பாறையும் நலிந்ததாகத் தோன்றும். சுவர் இடிந்து அகன்ற இடங்களில் அடர்த்தி அளவும் பிசகும். ஆகவே சில மாதிரிகளையாவது நசுக்கிப் பார்த்துச் சூத்திரத்தை அந்தந்த எண்ணெய் வயலுக்குத் திருத்திக்கொள்வது கட்டாயம்.