குதிரைச் சீரமும் றாலும்: ஒவ்வாமை ஊசியின் கதை

எங்கட ஊர்க் கலியாண வீடுகளில நாலைந்து பேர் ஒரே சஹனைச் சுற்றி இருந்து சாப்பிடுவோம். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று, எங்கே போனாலும் அந்த வட்டத்தில ஒருத்தராவது றால் பொரியலைத் தள்ளி வைப்பார். "அது எனக்கு கிரந்தி, ஒத்துக்காது" என்பார். மற்றவங்க சிரிப்பாங்க. ஆனா ஒரே தட்டில கலந்த குழம்பு சில பேருக்குச் சிரிப்பில்லை. உதடு வீங்கும், மூச்சு இழுக்கும், ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வரும்.

இதுக்கு ஒரு ஊசி வந்தா என்ன என்று நாங்கள் எல்லாரும் ஒரு தடவையாவது கேட்டிருப்போம். ஒவ்வாமைக்கு ஊசி வந்து நூறு வருடம் தாண்டிவிட்டது. றாலுக்குத்தான் இன்னும் வரல்ல. ஏன் இவ்வளவு மெதுவாக நடக்கிறது என்றால், அந்த ஊசியின் வரலாறு முழுக்க ஒரே பயம்தான்: எது ஒத்துக்காதோ அதையே உடம்புக்குள்ள ஏற்றுகிறோம்.

கதை கடலில்தான் தொடங்குகிறது. 1901 கோடையில் மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட்டின் ஆய்வுக் கப்பலில் சார்ல்ஸ் ரிஷே, போல் போர்ட்டியே என்ற இரண்டு பிரெஞ்சு ஆய்வாளர்கள் கடல் சொறி போன்ற ஓர் உயிரியின் நஞ்சை ஆராய்ந்தார்கள். கரைக்குத் திரும்பிய பிறகு, கடல் சாமந்தி என்ற இன்னொரு கடலுயிரியின் நஞ்சை நாய்களுக்குக் கொஞ்சமாக ஏற்றிப் பார்த்தார்கள். ஒரு தடவை ஏற்றினால் அடுத்த தடவை உடம்பு தாங்கிக் கொள்ளும் என்பது எதிர்பார்ப்பு. நடந்தது தலைகீழ். சில வாரம் கழித்து மிகச் சிறிய அளவை ஏற்றியதும் நாய் நிமிடக் கணக்கில செத்துப் போனது. இதற்கு அவர்கள் 1902இல் வைத்த பெயர் 'அனபிலக்சிஸ்'. ரிஷேக்கு 1913இல் நோபல் பரிசு கிடைத்தது.

அதே காலத்தில் வியன்னாவில் கிளெமென்ஸ் பொன் பிர்கே என்ற குழந்தை வைத்தியர் வேறொன்றைக் கவனித்தார். தொண்டை அடைப்பான் நோய்க்காகக் குதிரைச் சீரம் ஏற்றப்பட்ட பிள்ளைகளில சிலருக்குக் காய்ச்சலும் தடிப்பும் வந்தன. காப்பாற்ற வந்த மருந்தே உடம்பைக் கிளப்பி விட்டது. இந்த மாறிய நடத்தையைச் சொல்ல அவர் 1906இல் உருவாக்கிய சொல்தான் 'அலர்ஜி'.

1911இல் லண்டன் சென் மேரிஸ் ஆஸ்பத்திரியில் லெனார்ட் நூன் புல்லின் மகரந்தச் சாற்றை ஊசியாகப் போட்டார். வருடா வருடம் மகரந்தக் காலத்தில தும்மலும் கண் எரிச்சலுமாகக் கிடந்தவங்களுக்கு, மிகக் குறைந்த அளவில தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டினார். மகரந்தத்தில நஞ்சு இருக்கு, அதுக்கு உடம்பு மாற்று மருந்து செய்யும் என்பது அவருடைய கணக்கு. கணக்குப் பிழை, ஆனா வைத்தியம் பலித்தது. நூன் 1913இல் காசநோயால் இறந்தார். கூட இருந்த ஜோன் ஃப்ரீமன் வேலையைத் தொடர்ந்தார். ஒவ்வாமைக்குக் காரணமான IgE என்ற எதிர்ப்பொருள் பிடிபட்டது 1966-67இல்தான். அதாவது ஐம்பது வருடத்துக்கு மேல, காரணம் சரியாகத் தெரியாமலே ஊசி ஓடியது.

அதற்கு விலையும் கொடுக்க வேண்டி வந்தது. 1986இல் பிரித்தானிய மருந்துப் பாதுகாப்புக் குழு ஓர் எச்சரிக்கை வெளியிட்டது: 1957இல் இருந்து இந்த ஊசிகளோடு தொடர்புபட்ட 26 மரணங்கள் பதிவாகியிருந்தன. காரணம் தெரிந்த மரணங்களில பெரும்பாலானவை முட்டு வருத்தத்துக்காக ஊசி போட்டவர்களுடையவை. உயிர் காக்கும் வசதி உள்ள இடத்தில மட்டும் போடணும், போட்ட பிறகு 2 மணித்தியாலம் ஆளைப் பார்த்துக்கொண்டிருக்கணும் என்று கட்டளை வந்தது. அந்த நாட்டில ஊசி கிட்டத்தட்ட நின்றே போனது.

அப்பதான் வடிவமைத்த தடுப்பூசி என்ற யோசனைக்கு உயிர் வந்தது. பழைய ஊசி, தாவரத்திலயோ தூசுப் பூச்சியிலயோ இருந்து எடுத்த முழுச் சாறு. அதுக்குள்ள என்னென்ன எவ்வளவு இருக்கு என்பது ஒவ்வொரு தடவையும் மாறும். 1988இல் வீட்டுத் தூசுப் பூச்சியின் ஒவ்வாமைப் புரதம் ஒன்றின் மரபணு படியெடுக்கப்பட்டது. அடுத்த வருடம் பேர்ச் மரத்தின் மகரந்தப் புரதம். இனி IgE பிடிக்கிற இடத்தை மட்டும் மாற்றிவிட்டுப் புரதத்தைச் செய்யலாம், உடம்பு அதைப் பழகும், ஆனா கொந்தளிக்காது என்று நினைத்தார்கள்.

நினைத்தது அப்படியே நடக்கல்ல. நிலக்கடலை ஒவ்வாமைக்காக, மாற்றிய புரதங்களைச் செத்த பக்டீரியாவுக்குள்ள அடைத்து ஒரு மருந்து செய்தார்கள். 2013இல் வெளியான முடிவின்படி, ஒவ்வாமை உள்ள 10 பேரில 5 பேரால் மருந்தை முடிக்க முடியல்ல. அதில 2 பேருக்கு அனபிலக்சிஸ் வந்தது. பூனை ஒவ்வாமைக்கான புரதத் துண்டு ஊசிக்கு வேறு கதை. 2016இல் பெரிய பரிசோதனையின் முடிவில, வெறும் ஊசி போட்டவர்களை விட மருந்து போட்டவர்கள் மேலாக இருக்கல்ல. முதலாவது பலமாக இருந்து பயமுறுத்தியது. இரண்டாவதில பயம் இல்லை, பலனும் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவிலதான் ஆய்வு இன்னும் நிற்கிறது.

இதெல்லாம் ஐரோப்பாக் கதை, எங்களுக்கு என்ன என்று கேட்கலாம். எங்கட வயல் வட்டைகளில புடையன் கடித்தவர்களுக்கு ஏற்றுகிற விஷமுறிவு மருந்தும் குதிரைச் சீரம்தான், இந்தியாவில இருந்து வருவது. பிர்கே வியன்னாவில் பார்த்த அதே சிக்கல், இலங்கை ஆஸ்பத்திரிகளில இன்றைக்கும் இருக்கு. களனிப் பல்கலைக்கழகத்தின் அசித்த டி சில்வாவும் சக ஆய்வாளர்களும் 3 ஆஸ்பத்திரிகளில 1,007 பாம்புக்கடி நோயாளர்களைப் பரிசோதித்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். நோயாளர்களில 75 வீதமானவர்களுக்கு உடனடி எதிர்விளைவு வந்தது. விஷமுறிவுக்கு முன்னால குறைந்த அளவு அட்ரினலின் கொடுத்தால், கடுமையான எதிர்விளைவு முதல் ஒரு மணித்தியாலத்தில 43 வீதம் குறைந்தது. அதே நோக்கத்தில கொடுத்துவந்த ஹைட்ரோகோர்ட்டிசோனும் புரொமெதசினும் தனியாகப் பாதுகாப்புத் தரல்ல.

இந்த ஆய்வை நாங்கள் பெருமையோட சொல்கிறோம். ஆபத்தான மருந்தை நிறுத்தவும் இல்லை, விதி என்று விடவும் இல்லை. எண்ணிப் பார்த்து, எது காப்பாற்றுது என்று கண்டுபிடித்தார்கள். எங்கட வீடுகளுக்கும் இதில ஒரு பாடம் இருக்கு. மூச்சுத் திணறும்போது கடிக்கு எடுக்கிற குளிசையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. அனபிலக்சிஸுக்கு முதல் மருந்து தொடைத் தசையில போடுகிற அட்ரினலின். அது இருக்கிற இடத்துக்கு உடனே போகணும்.

றாலில் ஒவ்வாமை தருகிற முக்கியப் புரதம் ட்ரொபோமயோசின் என்பது தெரிந்த விஷயம். தூசுப் பூச்சியிலும் கரப்பானிலும் அதன் உறவுப் புரதம் இருக்கு. அதை மாற்றியமைத்து ஊசி செய்கிற முயற்சிகள் எலிகளில நடந்திருக்கு. ஒருநாள் அது எங்கட ஊர் பார்மசிக்கும் வரலாம். அப்ப கேட்க வேண்டிய கேள்விகளை இந்த வரலாறே தந்திருக்கு. எத்தனை பேரில பரிசோதித்தீர்கள்? முட்டு வருத்தம் உள்ளவர்கள் அதில இருந்தார்களா? போட்ட பிறகு எவ்வளவு நேரம் இருக்கணும்? பக்கத்தில அட்ரினலின் இருக்கா?

அதுவரைக்கும் சஹனில ஒருத்தர் "எனக்கு ஒத்துக்காது" என்றால் நாங்கள் சிரிக்காமல் இருப்போம். அவருக்குத் தனித் தட்டில சோறு போடுவோம்.