திரை விலகுமுன்

மட்டக்களப்பு வாவியிலே நிலவெறிக்கும் இரவுகளில் நீருக்கடியிலிருந்து ஓர் இசை எழும் என்பது அந்நாட்டார் நெடுங்காலமாக அறிந்த செய்தி. கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை நீரில் அமிழ்த்தி, மறு நுனியிலே காதை வைத்தால் அது தெளிவாகக் கேட்கும் என்பர். 1848 ஆம் ஆண்டில் அங்கு சென்ற எமர்சன் தெனன்ற் என்னும் பிரித்தானிய அதிகாரி, மீனவரோடு தோணியேறி அதனைக் கேட்டுத் தம் நூலிலே எழுதி வைத்தார். மீன் பாடுகின்றது என்பார் சிலர். ஊரி அழுகின்றது என்பார் வேறு சிலர். ஒலி வந்துவிடுகின்றது, உருவம் வருவதில்லை. அந்த இடைவெளியிலே மனம் தானாகவே ஓர் உருவத்தைக் கற்பிக்கத் தொடங்குகின்றது. திகிற்படம் எடுப்போர் தம் படத்தின் முதற் சில நிமிடங்களிலே செய்வதெல்லாம், இந்த இடைவெளியை உண்டாக்கி, அதனை இயன்றவரை நீட்டுவதே.

வாவிக்கரை ஊர்களுக்கு இக்கலை புதிதன்று. கூத்துக் களரியிலே ஆட்டக்காரன் தோன்றுமுன் அவனை மறைத்துத் திரைச்சீலை பிடிக்கும் வழக்கம் உண்டு. அண்ணாவியாரின் மத்தளம் முழங்கும், சல்லரி ஒலிக்கும், சீலைக்குப் பின்னே சதங்கை அதிரும், வருகின்றவன் முகம் மட்டும் தெரியாது. தாய்மடியில் உறங்கிய பிள்ளையும் அந்நேரத்தில் விழித்துக்கொள்ளும். ஆயின், வட்டக்களரியைச் சுற்றி எப்பக்கமும் மக்கள் இருப்பர். ஒருவருக்கு மறைந்தது மற்றொருவருக்குத் தெரிந்துவிடும். 1960களிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக்கொண்டு மட்டக்களப்புக் கூத்தை நவீன மேடைக்குக் கொணர்ந்தபோது, விடியும்வரை நிகழ்ந்த ஆட்டம் சில நாழிகைக்குள் சுருங்கிற்று. பார்ப்போர் ஒரு பக்கத்தார் ஆயினர். எதனை எப்பொழுது காண்பது என்பதை இனி மேடையே தீர்மானித்தது. அதே அதிகாரத்தைக் கமரா இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்கின்றது. சட்டத்துக்கு வெளியே உள்ளதை எட்டிப் பார்க்கத் திரைப்படத்தில் எவருக்கும் வழியில்லை.

இந்திய நாட்டிலே இதனை நன்கறிந்து செய்த பழைய படம், 1949 ஆம் ஆண்டில் பம்பாய் டாக்கீஸ் வெளியிட்ட 'மகல்'. நெறியாளர் கமால் அம்ரோகி. கமராவைக் கையாண்ட யோசெப் விர்ஷிங், செருமனியின் மியூனிக் நகரிலே தொழில் பயின்றவர். 1925 இல் வெளிவந்த 'ஆசியாவின் ஒளி' என்னும் மௌனப்படத்துக்காக இந்தியா வந்து, பின்னர் பம்பாயிலே நிலைத்தவர். படியேறும் நிழலொன்றினாலேயே பார்ப்போரை நடுங்கவைத்த 'நொஸ்பெராட்டு' 1922 இல் செருமனியில் உருவான படம். அந்நாட்டு இருளின் இலக்கணம் விர்ஷிங்கின் கைவழியே இந்தியத் திரைக்கும் வந்து சேர்ந்தது எனலாம்.

'மகல்' தொடங்கும்போது புயல் இரவு. ஆளில்லாத மாளிகை ஒன்றுக்குள் புதிய உரிமையாளன் நுழைகின்றான். பணியாள் அங்கு மாண்ட காதலர் கதையைக் கூறுகின்றான். பின்பு ஓர் ஓவியம். அதிலுள்ள முகமோ அவனுடைய முகமே. மணிக்கூடு இரண்டு அடிக்கின்றது. எங்கிருந்தோ ஒரு பெண்குரல் எழுகின்றது. விளக்கொளி முழு அறையையும் காட்டுவதில்லை. முகத்தின் ஒரு பாதியைத் தொட்டு மறு பாதியை இருளுக்கு விட்டுவிடுகின்றது. இங்கே காட்சிகள் அவசரமாக வெட்டப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது. காட்சி மாறும்போது பார்ப்பவன் ஒருமுறை மூச்சு விட்டுக்கொள்வான். மாறாமல் நீளும்போது அம்மூச்சு உள்ளேயே நின்றுவிடும். குரலைத் தேடிச் செல்லும் நாயகனோடு பார்ப்போரும் நடக்கின்றனர்.

அக்குரல் தொலைவிலிருந்து நெருங்கி வருவதுபோல் ஒலிப்பதற்குக் காரணம் எளிமையானது. ஒலிவாங்கியை அறையின் நடுவில் நிறுத்தி, பாடகியை மூலையிலிருந்து பாடிக்கொண்டே நடந்துவரச் செய்தனர் என்று லதா மங்கேஷ்கர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். இசைத்தட்டிலே அவர் பெயர் இல்லை. கதைப்பெண் 'காமினி'யின் பெயரே இருந்தது. பாடியவர் யார் என்று கேட்டு நேயர்கள் வானொலி நிலையத்துக்குக் கடிதமேல் கடிதம் எழுதினர். படத்திலே நாயகன் தேடிய குரலை வெளியே வானொலி நேயரும் தேடினர் என்பது வேடிக்கைதான்.

தமிழிலே வீணை எஸ். பாலசந்தர் 1954 இல் ஏவி.எம். நிறுவனத்துக்காக நெறிப்படுத்திய 'அந்த நாள்' இதற்கு நேர் எதிர்வழி. அது திகிற்படமன்று, துப்பறியும் படம், பாட்டும் கிடையாது. படம் தொடங்கியதுமே துப்பாக்கி வெடிக்கின்றது. வானொலிப் பொறியாளன் ராஜன் வீழ்கின்றான். சுட்ட கை யாருடையது என்பது மட்டும் காட்டப்படவில்லை. 'மகல்' நீட்டி மறைத்ததை இப்படம் ஒரே வெட்டினால் மறைத்தது.

நீருக்கடியிலுள்ள காணாப் பொருளையே தொடக்கமாகக் கொண்ட படம், 1975 இல் அமெரிக்காவிலே ஸ்டீவன் ஸ்பில்பேர்க் எடுத்த 'ஜோஸ்'. கமரா கடலடியிலே பாசிகளுக்கிடையில் ஊர்கின்றது. ஜோன் வில்லியம்ஸ் அமைத்த இரண்டே சுரங்கள் மாறிமாறி ஒலிக்கின்றன. பார்ப்பது யாருடைய கண் என்று சொல்லப்படவில்லை. பின்பு கரையிலே இளைஞர் கூட்டம். ஒரு பெண் கடலில் நீந்தச் செல்கின்றாள். கீழிருந்து அவளுடைய கால்கள் தெரிகின்றன. மறுகணம் நீர்மட்டத்தில் அவள் முகம். வேர்னா பீல்ட்ஸ் தொகுத்த அந்த மாற்றத்திலே அச்சம் முழுவதும் அடங்கியிருக்கின்றது. இரவுபோல் தோன்றும் அக்காட்சி பகல் வெளிச்சத்தில் எடுக்கப்பட்டது. இயந்திரச் சுறா உப்புநீரிலே அடிக்கடி பழுதுபட்டமையால், அதனைக் காட்டாமலே கதையை நடத்தவேண்டியதாயிற்று. படத்தின் பாதிக்கு மேல் கழிந்த பின்னரே அது நன்கு தெரிகின்றது. தொடக்கக் காட்சியில் அப்பெண்ணை இழுத்தவை இடையிலே கட்டிய கயிறுகள். அவள் இருமுறை மும்முறை அங்குமிங்கும் அலைக்கப்பட்டு மறைகின்றாள். பின்பு நீர் அசைவற்றுக் கிடக்கின்றது.