முக்கூர் வால்வில் எங்க கூர்?

உயர்தரத்தில் உயிரியல் படிச்ச ஆக்களிட்ட முக்கூர் வால்வு எங்க எண்டு கேட்டால், இதயத்தின் வலது பக்கம் எண்டு உடனே சொல்லுவினம். ஏன் 'கூர்' எண்டு கேட்டால்தான் சிக்கல். அங்க இருக்கிறது திறந்து மூடுற மெல்லிய மடல்கள்தானே!

விடை மொழி வரலாற்றில் இருக்கு. பழைய கிரேக்க மருத்துவர்கள் அந்த மூன்று மடல்களில் அம்புமுனையின் கூர்களைக் கண்டார்கள். லத்தீனில் 'கஸ்பிஸ்' எண்டால் ஈட்டிமுனை. அந்தச் சொல்லே வால்வின் பெயருக்குள் போனது. இடது பக்க வால்வை 16ஆம் நூற்றாண்டில் வெசாலியஸ் ஆயரின் தொப்பியோடு ஒப்பிட்டார். அதனால் அது 'மைட்ரல்'. ஒரே இதயத்தில் ஒரு பக்கம் ஆயுதம், மறுபக்கம் ஆயர் தொப்பி!

பல்லில் இந்தச் சொல் நேராகவே பொருந்துது. வேட்டைப்பல்லுக்கு ஒரு கூர், முன்கடைவாய்ப்பல்லுக்குப் பெரும்பாலும் இரண்டு. சிலருடைய மேல் கடைவாய்ப்பல்லின் உட்பக்கம் மேலதிகமாக ஒரு சின்னக் கூர் இருக்கும். 1842இல் அதை விவரித்த ஒஸ்ரிய அரச பல்வைத்தியர் கரபெல்லியின் பெயரே அதற்கு. மனித இனக்குழுக்களை ஒப்பிட மானிடவியலாளர்கள் இண்டைக்கும் அதைப் பார்க்கிறார்கள்.

கணிதத்தில் கூர் எண்டால், ஒரு வளைகோடு ஓடிவந்து ஒரு புள்ளியில் நிண்டு, வந்த திசைக்கே திரும்புற இடம். பக்கவாட்டில் வெயில் விழுற பிளேன்டீக் கோப்பைக்குள்ள பாருங்கோ: பளிச்செண்ட இரண்டு ஒளிவளைவுகள் நடுவில் ஒரு கூரில் சந்திக்கும். ஹைகன்ஸ் 17ஆம் நூற்றாண்டிலேயே இவ்வளைவை ஆராய்ந்தவர்.

இது வெறும் சொல் விளையாட்டு இல்லை. 'இருகூர்' எண்டால் இதயத்தின் இடது வால்வுக்கு இயல்பு. ஆனால் தொகுதிப் பெருநாடி வால்வில் மூன்று மடல்கள் இருக்கவேணும். நூறில் ஒருவர் இருவருக்குப் பிறப்பிலேயே இரண்டுதான். அங்க அதே சொல் ஒரு குறைபாட்டின் பெயர். பொருள் தெரியாமல் மனனம் செய்தவருக்கு இந்த வித்தியாசம் எப்படி விளங்கும்?

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'மூவிதழ்' எண்டு எழுதுகின்றன. கண்ணுக்குத் தெரியிறதை அது சொல்லுது; எங்கட 'கூர்' சொல்லின் வரலாற்றைச் சொல்லுது. 1864இலிருந்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த மண் இது. 'கூர்' இருக்கட்டும், ஆனால் அது ஏன் கூர் எண்டு பாடநூலில் ஒரு வரியாவது இருக்கவேணும். காரணம் தெரிஞ்ச சொல் சோதனை முடிஞ்ச பிறகும் மறக்காது.